அப்பத்தாவை அனுப்பி வைத்தோம்

போன மாசியில் விடியற்காலை மூன்று மணிக்கு அப்பத்தா போய்விட்டார். பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தார். திருச்சியில் இறங்கி வீடு வந்துசேர மறுநாள் காலை ஆகிவிடும். அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழவே இல்லை. அதனால் எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டியிருந்தது.

காரைக்குடியிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவந்த அண்ணன், பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அப்பத்தாவின் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் கட்டலையா தம்பி? ரெண்டு மூணு மணி நேரத்துல விறைச்சிரும்" என்றவர் வெள்ளை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து வாய்க்கட்டுப் போட்டார், கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிச்சிட்டார். தோடு, மூக்குத்தியைக் கழற்றி என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார். அப்புறம்தான் பிளக் எங்கே என்று கேட்டார். இன்வெர்ட்டரை நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். மத்தியானம் கரண்ட் போனபோது, சொல்லி வைத்திருந்த ஜெனரேட்டர்தான் காப்பாற்றியது.

இதற்கு நடுவில் மருத்துவரின் இறப்புக் காரணச் சான்று வேண்டும். முதலில் போன இடத்தில் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். கடைசியாக வைத்தியம் பார்த்தவரிடம் போனேன், அன்றே எழுதித் தந்தார். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் கட்டணம் கிடையாது. ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர் இருந்ததால் எங்களுக்கு அலைச்சல். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.

சித்தப்பா வந்ததும் நீர்மாலைக்கு, அப்பத்தாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, ஊருணிக்குப் போனோம். தண்ணீர் கடைசிப் படிக்கு இறங்கிக் கிடந்தது. பேரன்மார் நாங்கள் நெய்ப்பந்தம் பிடிக்க, பிறந்த வீட்டுக் கோடித் துணி விழுந்து, பதினொரு மணிக்கு எடுத்தோம்.

மயானத்தில் ஒரு அண்ணன் விறகும் வரட்டியும் அடுக்கி வைத்திருந்தார். அறுபது வயதிருக்கும்.

"நெஞ்சுல பேட்டரி எதுவும் வச்சிருக்காகளா தம்பி?"

பேஸ்மேக்கரைச் சொல்கிறார். நெருப்பில் வெடிக்கும், முன்னாடியே மருத்துவரை வைத்து எடுத்துவிட வேண்டுமாம். அப்பத்தாவுக்கு அது இல்லை, தொடையில் கம்பி மட்டும் இருந்தது. அதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். வைக்கோலைப் பரப்பி, குழைத்த மண்ணைக் கையாலேயே பூசி, காற்றுப் போக வழி விட்டார். டவுனில் கேஸ் மேடைக்குக் கொண்டு போயிருக்கலாமோ என்று கேட்டேன். "அங்க ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிரும். தப்பில்ல தம்பி. இங்கன்னா பொழுது சாஞ்சாலும் நான் பாத்துக்கிருவேன்."

அவ்வளவு செய்தவரை ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஏண்டா, இன்னும் எம்புட்டு நேரம்?" என்று கேட்டார். அப்பா குடம் உடைக்கும் நேரம், நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. கருமாதியன்று அந்தப் பெரியவரிடம், "அவரை அப்படிக் கூப்பிடாதீக" என்று நேராகவே சொன்னேன்.

மறுநாள் காலை பால் தெளிக்கப் போனோம். அண்ணன் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றி ஆற்றி வைத்திருந்தார். காலிலிருந்து தொடங்கித் தலைவரைக்கும் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வாழையிலையில் அப்பத்தா படுத்திருந்த வாக்கிலேயே வைத்தார். சாம்பலுக்குள் அந்தக் கம்பி கருநீலமாகக் கிடந்தது. நான்கு வருஷம் அப்பத்தாவைத் தாங்கிய கம்பி. அதைத் தன் துண்டால் துடைத்தார்.

"இதையும் கலயத்துல போடவா, இங்கேயே புதைச்சிரவா?"

சித்தப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் வேலியோரம் அவரே குழி தோண்டிப் புதைத்தார். அஸ்தியை அன்றைக்கே திருப்பூவணம் கொண்டுபோய் வைகையில் கரைத்தோம். அங்கே எலும்பு பூவாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்பத்தாவும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.