கலிஃபோர்னியா அவென்யூவில் நின்ற வரிசை

2007 முதல் 2014 இறுதி வரை சிகாகோவில் ஒரு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் வேலை பார்த்தேன். அந்த ஆண்டுகளில் நான் எழுதிய நிரல்களில் ஒன்றாவது இன்றும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலையை நினைத்தாலே முதலில் நினைவுக்கு வருவது, நகரின் வடமேற்கே வடக்கு கலிஃபோர்னியா அவென்யூவில் 3324ஆம் எண் கட்டடத்தைச் சுற்றி வளைந்து நீண்ட ஒரு வரிசைதான். அது 'ஹாட் டக்ஸ்' என்ற ஹாட் டாக் கடையின் வரிசை. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் குழுத்தலைவர் மதிய உணவு நேரத்தைத் தாராளமாக நீட்டித்து எங்களை அங்கே அழைத்துப் போவார்.

நான் சைவம். மாட்டிறைச்சித் தொத்திறைச்சிக்குப் பெயர் போன ஊரில், அதற்கென்றே இருந்த கடைக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்ற தயக்கத்துடன்தான் முதல்முறை போனேன். வரிசை நகர நகரக் குழுத்தலைவர் அந்த ஊரின் ஹாட் டாக் புராணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து குடியேறிய இருவர் தொத்திறைச்சி விற்றதில் தொடங்கியதுதான் வியன்னா பீஃப் நிறுவனம் என்றார். சிகாகோ முறைப்படி கசகசா தூவிய பன்னுக்குள் தொத்திறைச்சியை வைத்து, மேலே மஞ்சள் கடுகுக் குழம்பு, ரெலிஷ் என்னும் கண்ணைப் பறிக்கும் பச்சை நிறப் பொடி ஊறுகாய், நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளவாக்கில் வெட்டிய வெள்ளரி ஊறுகாய், காடியில் ஊறிய சின்ன மிளகாய், கடைசியாகச் செலரி உப்பு என்று அடுக்க வேண்டும். தக்காளி கெட்சப் கேட்கவே கூடாது. நம் ஊரில் ரசம் சாதத்தில் சர்க்கரை கேட்பவரைப் பார்ப்பதைப்போல் பார்ப்பார்கள்.

கல்லாவில் நின்று ஒவ்வொருவரிடமும் என்ன வேண்டுமென்று கேட்டவர் கடையின் உரிமையாளர் டக் சோன். எனக்குப் பின்னால் ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். சைவத் தொத்திறைச்சி உண்டா என்று நான் கூச்சத்துடன் கேட்டபோது, உண்டு என்று சொல்லி, வதக்கிய வெங்காயம் வேண்டுமா, பச்சை வெங்காயம் வேண்டுமா, மிளகாய் வேண்டுமா என்று நிதானமாக விசாரித்தார். எனக்கு முன்னால் நின்றவர் ஐந்தாறு வகைகளை வாங்கிப்போயிருந்தார். நான் வாங்கியது ஒன்றே ஒன்று. அவரிடம் பேசிய அதே குரலில்தான் என்னிடமும் பேசினார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வேலையும் ஒருவகையில் கல்லாவில் நிற்கும் வேலைதான். கிளை அலுவலகங்களிலிருந்து குறைகள் சீட்டுகளாக வந்து குவியும். நாளொன்றுக்கு எத்தனை சீட்டுகளை முடித்தோம் என்பதே எங்கள் திறமையின் அளவுகோல். அந்த வேகத்தில் ஒருநாள், மொத்தத் தொகை சில காசுகள் தவறுகிறது என்று ஒரு பெண் ஊழியர் எழுதியிருந்ததை முழுதும் படிக்காமல், கணினியை மீண்டும் தொடங்கிப் பாருங்கள் என்று பதில் எழுதிச் சீட்டை முடித்துவிட்டேன். பிழை உண்மையில், காசின் பின்னங்களை முழு எண்ணாக்க நான் எழுதிய கணக்கில் இருந்தது. மாத முடிவில் அது பெரிதாக வெடித்தபோது குழுத்தலைவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கடையில் நீ சைவம் கேட்டபோது, கணினியை மீண்டும் தொடங்கிப் பார் என்று அவர் சொன்னாரா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தக் கடையே ஓர் அலுவலகப் பேச்சில் முளைத்ததுதான். டக் சோன் முன்பு சமையல் நூல்களைத் திருத்தும் பதிப்பாசிரியராக வேலை பார்த்தவர். உடன் பணிபுரிந்த ஒருவர் எங்கோ மோசமான ஹாட் டாக் தின்றுவிட்டு வந்து புலம்ப, இதைக்கூடக் கெடுக்க முடியுமா என்று வியந்து, நண்பர்களாகச் சேர்ந்து நகரத்துக் கடைகளைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து பிறந்த கடை 2001இல் ராஸ்கோ தெருவில் திறந்தது. 2004இல் தீ விபத்துக்குப் பிறகு கலிஃபோர்னியா அவென்யூவுக்கு இடம் மாறியது. வாத்தின் கொழுத்த ஈரலை விற்கக் கூடாதென்று 2006இல் நகர்மன்றம் தடை விதித்தபோது, அதைச் சேர்த்த ஹாட் டாகை அவர் தொடர்ந்து விற்றார்; தடையைக் கொண்டுவந்த உறுப்பினர் ஜோ மூரின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2007இல் 250 டாலர் அபராதம் கட்டினார். மறு ஆண்டே தடை நீங்கியது. வாத்துகளின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் குறும்பை ரசிக்காமல் இருக்க முடிந்ததில்லை.

வாத்து என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. முதல் முறை போனபோது மேசை நடுவில் பொன்னிறமாகப் பொரித்த உருளைக்கிழங்கு ஒரு தட்டு நிறைய வந்தது. நான் கை நீட்டியதும், எங்கள் குழுவில் இருந்த மதுரைக்கார அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அதைத் தொடாதே." என் அம்மாவும் இதே வாக்கியத்தைத்தான் அடுத்த வீட்டுப் பலகாரத்தைக் காட்டிச் சொல்வார்; காரணம்தான் வேறு. வெள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும் அந்தக் கடையில் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில் பொரிப்பார்கள். அதற்காகவே அந்த இரு நாட்களிலும் கூட்டம் அலைமோதும். எனக்கென்று அண்ணன் சாதாரணப் பொரியல் தனியாக வாங்கி வைத்திருந்தார்.

2014 மே மாதத்தில், அக்டோபர் 3ஆம் தேதியுடன் கடையை மூடப்போவதாக டக் சோன் அறிவித்தார். வியாபாரம் நொடித்து மூடுகிற கடையாக இருந்திருந்தால் மனம் எளிதில் சமாதானமாகியிருக்கும். ஆகஸ்டில் ஒருநாள் ஆளுக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கும் மேல் நின்று சாப்பிட்டோம். அந்த வரிசையில்தான், தன் பணியிடம் குறைக்கப்படவிருப்பதை அண்ணன் எங்களிடம் முதலில் சொன்னார். அலுவலகத்தில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. ஆனால் காலாண்டுக் கணக்கு முடிக்கும் வாரம் அது. எங்களில் யாராலும் இருக்கையை விட்டு நகர முடியவில்லை. மாலையில் குழுத்தலைவர் அருகிலிருந்த ஏதோ ஒரு கடையிலிருந்து காகிதப் பைகளில் ஹாட் டாகுகள் வாங்கி வந்தார். அங்கே சைவத் தொத்திறைச்சி கிடையாது என்பதால், எனக்கு வெறும் பன்னுக்குள் கடுகு, ரெலிஷ், தக்காளி, ஊறுகாய், மிளகாய் எல்லாம் முறைப்படி அடுக்கப்பட்டிருந்தன. செலரி உப்பைக்கூட மறக்காமல் கேட்டு வாங்கியிருந்தார். சீட்டுகளைப் பார்த்தபடியே சாப்பிட்டோம்.

டிசம்பரில் ஊர் திரும்புமுன் மேசையை ஒப்படைத்தபோது, விசைப்பலகையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். இரண்டு மூன்று கசகசா மணிகள் விழுந்தன.