எங்கள் தண்ணீர் கேனுக்கு ரோஜா வரைந்த கதை

எங்கள் படகுக் கூரையில் புகைபோக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் கேனைப் பார்த்து, "செடிக்குத் தண்ணி ஊத்துற பூவாளியா?" என்று கேட்காத விருந்தாளியே இல்லை. பூவாளி இல்லை, அது குடிதண்ணீர்க் கேன். 3 கேலன் பிடிக்கும், அதாவது 13.6 லிட்டர். இங்கிலாந்துக் கால்வாய்களில் சரக்குப் படகு ஓட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு வீட்டுக் குழாய், குடம், பானை எல்லாம் அதுதான். அதைச் சுரண்டி, கழுவி, புதிதாகப் பெயின்ட் அடித்து, ரோஜா வரைந்து முடிக்க எனக்கு ஜனவரியிலிருந்து மே வரை பிடித்தது. நடுவில் ஒருமுறை அடித்த பெயின்ட் அத்தனையும் உரிந்து கையோடு வந்துவிட்டது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நானும் மனைவியும் மூன்று வருடமாக நேரோபோட் என்ற குறுகலான கால்வாய்ப் படகில் குடியிருக்கிறோம். நீளம் 57 அடி, அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவடைப்புக்கு லாக் என்று பெயர். இங்கிலாந்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கத்துப் பழைய லாக்குகளில் பலவும் ஏழடி அகலம்தான். அதனால் படகும் அந்த அளவு. எங்களுக்கென்று நிலையான துறை எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட படகு பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு நகரும். எந்த ஊர் அழகு என்று பார்த்தெல்லாம் போக முடியாது. அடுத்த தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இந்த ஜனவரியில் கால்வாய் உறைந்துவிட்டது. பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு ஓட்டினால் நம் படகுக்கும் கேடு, கரையில் கட்டியிருக்கும் மற்ற படகுகளின் பெயின்ட்டுக்கும் கேடு. அதனால் நின்ற இடத்திலேயே நின்றோம். ஒன்பதாம் நாள் முன்பக்கத் தொட்டி வற்றியது. அப்போதுதான் மனைவி, படகு வாங்கும்போது கூடவே வந்த பழைய கேனை முன்தளத்துச் சாமான்களுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தாள். ஒரு மைல் நடந்து போய் நிரப்பிக்கொண்டு வந்தோம். ஊற்றிப் பார்த்தால் மூக்கு வழியாகத் துருத்தூள் வந்தது. வெளியே பச்சைப் பெயின்ட் செதிள் செதிளாக நின்றது. ஒரு செதிளுக்கு அடியில் ரோஜா இதழ் ஒன்று, நகக்கண் அளவு, இன்னும் சிவப்பாகவே இருந்தது. இதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கேன்களுக்குப் பக்பி கேன் என்று பெயர். நார்தாம்ப்டன்ஷயரில் லாங் பக்பி அருகே கிராண்ட் யூனியன் கால்வாயில் ஏழு லாக்குகள் அடுத்தடுத்து வரும். மேல் லாக்கை ஒட்டிய கடையில் பூ வரைந்த கேன்கள் விற்றதால் வந்த பெயர். 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்து கூலியைக் குறைத்தபோது, கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் பல படகோட்டிகள் குடும்பத்தையே படகில் ஏற்றினார்கள். எழுபதடிப் படகில் குடும்பத்துக்குக் கிடைத்தது பின்பக்கத்தில் பத்தடி நீளம்கூட வராத அறை. அதற்குள் அடுப்பு, மடக்குக் கட்டில், கதவைக் கீழே சாய்த்தால் மேசையாகும் அலமாரி, பிள்ளைகள், எல்லாம். இந்த நெரிசலைப் பார்த்துத்தான் 1877லும் 1884லும் படகுகளைப் பதிவு செய்து சோதிக்கச் சட்டம் போட்டார்கள். அந்த அறையின் கதவிலும் அலமாரியிலும் கூரை மேலிருந்த கேனிலும் ரோஜாவும் கோட்டையும் வரைந்து வைத்திருந்தார்கள். சில படகுகள் 1962-63 குளிர்காலம் வரை ஓடின. அந்த வருடம் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோனதில் சரக்கு வேலைக்குக் கடைசி அடி விழுந்தது. தொட்டி வற்றி உட்கார்ந்திருந்த அந்த ஒன்பதாம் நாள் எனக்கு அவர்கள் நினைவுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதல் தடவை நான் செய்தது முழுக்கத் தப்பு. பிப்ரவரியில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன், சோப்புத் தண்ணீரில் கழுவினேன், காய்ந்ததும் எண்ணெய்ப் பெயின்ட்டை நேராக அடித்துவிட்டேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மூன்று வாரம் கழித்துக் கைப்பிடிக்குக் கீழே ஒரு கொப்புளம். நகத்தால் லேசாகக் கிளப்பினேன், வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது.

காரணம், கேன் துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்புத் தகடு. துத்தநாகத்தின் மேல் எண்ணெய்ப் பெயின்ட் நேரடியாகப் பட்டால் இரண்டும் வினைபுரிந்து நடுவில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் பிடிமானம் போய்விடும். இதை எனக்குச் சொன்னவர், ஒரு போட்யார்டில், அதாவது படகுப்பட்டறையில், வார இறுதி வகுப்பு எடுக்கும் ஓவியர் அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர். கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோஜாவுக்கு அரை நாள் போதும். தகட்டுக்குத்தான் இரண்டு வாரம் வேண்டும்" என்றார்.

அப்படியே ஆனது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதனால் காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடவே கூடாது, படகுக்குள் வைத்துச் செய்யவும் கூடாது. "முகமூடி, கையுறை ரெண்டும் இல்லாம அதத் தொடாதீங்க, சொல்லிட்டேன்" என்று மனைவியும் கறாராக இருந்தாள். போட்யார்டின் ஓரத்தில் இடம் கேட்டு, பெயின்ட் நீக்கும் ஜெல் தடவி, ஈரமாகவே வழித்து, வழித்ததை டப்பாவில் அடைத்து அபாயக் கழிவு வாங்குமிடத்தில் கொடுத்தேன். ஒரு துளிகூடக் கால்வாயில் விழவில்லை. அடுத்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த கழுவு திரவத்தைத் தடவ வேண்டும். துத்தநாகம் இருக்கும் இடமெல்லாம் நிமிடங்களில் கருத்துவிடும், அப்படிக் கருத்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். என் கேனில் மூக்கின் அடிப்பகுதி மட்டும் கருக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருந்திருக்கிறது. அந்த இடத்தை மறுபடி துடைத்து, மறுபடி தடவினேன். பிறகு துத்தநாகத் தகட்டுக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சு, அண்டர்கோட் என்ற இடைப்பூச்சு, மேல்பூச்சு இரண்டு. நடு உடம்புக்குக் கரும்பச்சை, மேலும் கீழும் சிவப்புப் பட்டை. படகுக்குள் எப்போதும் ஈரக்காற்றுதான், ஒரு பூச்சு காய இரண்டு முழு நாள் ஆனது. இடையில் 14 நாள் கெடு வேறு முடிந்தது. கேனைக் கட்டில் மேல் நிறுத்திவைத்து, லாக் சுவரில் இடித்துவிடாமல் ஊர்ந்து ஊர்ந்து போனோம்.

ரோஜா வரைவது முதலில் வட்டங்களில் தொடங்குகிறது. சிவப்பு ரோஜாவுக்கு அரக்கு நிற வட்டம், மஞ்சளுக்குக் காவி, வெள்ளைக்கு இளஞ்சிவப்பு. சுற்றிலும் இலைகள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு அதன் மேல் இதழ்கள். எனாமலைத் தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்துக்கொண்டு, பிரஷ்ஷை நிறைய முக்கி, வட்டத்தின் ஓரத்தில் அழுத்தி, வளைத்து, மெல்ல மேலே எடுக்க வேண்டும். அழுத்தின இடம் அகலமாகவும் எடுத்த இடம் கூராகவும் விழும். ஒரே இழுப்பில் ஒரு இதழ். நான் திருத்தப் போனேன். மறுபடி தொட்டதும் ஓரம் மழுங்கி, இதழ் வெறும் சிவப்புத் திட்டாகிவிட்டது. "தடவாதீர்கள். வையுங்கள், வைத்ததும் கையை எடுங்கள்" என்றார் அந்த அம்மா. பிடிக்கவில்லை என்றால் வைட் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பான் தொட்ட துணியால் முழு இதழையும் துடைத்துவிடலாம், அடியிலிருக்கும் வட்டம் காய்ந்திருப்பதால் ஒன்றும் ஆகாது. நான் முதல் ரோஜாவை ஆறு தடவை துடைத்தேன். ஏழாவதில் கை தானாக எழுந்தது. கடைசியில் நடுவே மஞ்சள் புள்ளிகள், இலைக்கு மஞ்சள் நரம்பு.

பிரான்ஸ்டன் படகுப்பட்டறையில் பேர்போன ஓவியர் ஃபிராங்க் நர்ஸரின் பாணி ரோஜாவை அந்த அம்மா பக்கத்தில் ஒரு பலகையில் வரைந்து காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் வேகமும் நிதானமும் ஒரே கையில் இருக்க முடியும் என்று நம்பினேன். கோட்டை, ஏரி, பாலம் எல்லாம் வரைய எனக்கு இன்னும் கை வரவில்லை, அதனால் தொடவில்லை.

உள்ளே துத்தநாகம் அங்கங்கே தேய்ந்திருப்பதால் இந்தக் கேன் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை. பாத்திரம் கழுவவும் கை கால் கழுவவும் தினமும் அதில்தான் எடுக்கிறோம். சிலர் பூ வரைந்த கேனை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தண்ணீர் சுமப்பதற்குச் செய்தது, சுமக்கட்டும்.

மே கடைசியில் பக்பியின் ஏழு லாக்குகளையும் ஏறி, மேலே படகைக் கட்டினோம். குழாயில் நிரப்பிய கேனை மனைவி கூரை மேல் தூக்கி வைத்தபோது பார்த்தேன், கீழே சிவப்புப் பட்டையில் விரல் நீளத்துக்குக் கீறல். லாக்கில் கயிறு உரசியிருக்கும். அதே சிவப்பு கொஞ்சம் ஜாம் பாட்டிலில் எடுத்து வைத்திருக்கிறேன். மழை விட்டதும் தொட்டுவிட வேண்டும்.