டெல்லியிலிருந்து திருச்சிக்கு: வீணையும் ஸ்பீக்கரும் வந்து சேர்ந்த விதம்

டெல்லி மயூர் விஹாரில் பல வருஷம் குடியிருந்துவிட்டு, போன மே மாதம் சொந்த ஊரான திருச்சிக்கே வந்துவிட்டோம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் எப்படியும் வந்துவிடும். எனக்குக் கவலை மற்றதைப் பற்றித்தான்: மனைவியின் வீணை, அப்பா சேர்த்துவைத்த இசைத்தட்டுகளும் ஸ்பூல் டேப்புகளும், என்னுடைய டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்கள், ரெக்கார்டிங் செய்யும் கம்ப்யூட்டர். இப்படிப்பட்ட சாமான்களோடு ஊர் மாறப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பேக்கிங் ஆட்கள் இவை எல்லாவற்றையும் உடையும் சாமான் என்ற ஒரே கணக்கில் வைத்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் எமன் வேறு. வீணைக்கும் இசைத்தட்டுக்கும் வெயில். டர்ன்டேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நாள் கணக்கில் நிற்காத குலுக்கல். ஆம்ப்ளிஃபயருக்கு அதன் சொந்த எடை. டேப்புக்குக் காந்தம். இப்படிப் பிரித்துப் பார்த்ததும், எது லாரியில் போகலாம், எது எங்களோடு ரயிலில் வரவேண்டும் என்பது தானாகத் தெளிவானது.

வீணையை லாரியில் ஏற்றுவதில்லை என்பதில் நாங்கள் இருவரும் உறுதியாக இருந்தோம். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் (தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கும் உலோகக் கம்பிகள்) மெழுகில் பதிந்து நிற்பவை. தேன்மெழுகு முழுக்க உருக 62 டிகிரி வேண்டும், ஆனால் 40-ஐத் தாண்டும்போதே இளகத் தொடங்கிவிடும். டெல்லியிலிருந்து தெற்கே வரும் லாரி நாக்பூர் வழியாக வரும். மே மாதத்தில் அங்கே நிழலிலேயே 45 டிகிரி அடிக்கும். மூடிய கன்டெய்னருக்குள் அதைவிட அதிகம். மெழுகு இளகியிருக்கும் நேரத்தில் வண்டியும் குலுங்கினால் மெட்டு லேசாகச் சாய்ந்துவிடும். மயிரிழை சாய்ந்தாலும் ஸ்வரம் நிற்காது. பிறகு எல்லா மெழுகையும் எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மறுபடி சுருதிப்படி மெழுகில் பதிக்க வேண்டியதுதான். நல்ல காது உள்ள ஆசாரி உட்கார்ந்து பொறுமையாகச் செய்யும் வேலை அது.

மனைவியின் டீச்சர் சொன்னபடி தந்திகளைக் கொஞ்சம் இறக்கினோமே தவிர, முழுக்கத் தளர்த்தவில்லை. முழுக்கத் தளர்த்தினால், தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. இருந்தாலும் குதிரை நிற்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டோம். வீணையின் கழுத்துக்கு அடியில் இருக்கும் சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றினோம். வீணையின் மேல் நேராக பபிள் ராப் சுற்றக் கூடாது. வெயிலில் பிளாஸ்டிக் வேர்த்து, வார்னிஷில் குமிழ்த் தடம் விழுந்துவிடும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த என் பழைய எட்டு முழ வேட்டியை முதலில் சுற்றி, அதன் மேல் ஃபோம் வைத்து, பிறகு ஃபைபர் பெட்டியில் வைத்தோம். யாளி முகத்துக்கு அடியிலும் குடத்தைச் சுற்றியும் பழைய புடவைகளைத் திணித்தோம். பெட்டியைத் தூக்கி ஆட்டினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது, அதுதான் அளவு.

நிஜாமுதீனிலிருந்து கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் திருச்சி வழியாகவே போகிறது, நடுவில் வண்டி மாற வேண்டியதில்லை. இரண்டடுக்கு ஏசியில் டிக்கெட் போட்டோம். அதில் ஆளுக்கு 50 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம். செலவு கூடத்தான், ஆனால் மெழுகுக்கும் இசைத்தட்டுக்கும் குளிர்ச்சி கிடைக்கும் என்றே எடுத்தோம். வீணைப் பெட்டி பர்த்துக்கு அடியில் நுழையாது. மேல் பர்த்தில் அதைப் படுக்கவைத்து, சங்கிலியில் கட்டி, மகளும் மனைவியும் கீழே ஒரே பர்த்தில் படுத்துக்கொண்டார்கள். இசைத்தட்டுகளைச் சின்னச் சின்ன சூட்கேஸ்களில் செங்குத்தாக நிறுத்தி, பர்த்துக்கு அடியில் தள்ளினோம். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியில் இருப்பது வளைந்துவிடும். ஸ்பூல் டேப்புகளும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்குகளும் என் தோள்பையில். ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருப்பதால் டேப்பை அதன் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க் போனால் ரெக்கார்டிங் எல்லாம் போச்சு, அதற்கு எந்த இன்சூரன்ஸும் ஈடாகாது.

மீதி லாரியில். எலக்ட்ரானிக் சாமான்களை நாங்களே பேக் செய்துவிட்டோம். டர்ன்டேபிளில் மேலே சுழலும் தட்டையும், ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மின் பின்னால் இருக்கும் எடையையும் கழற்றித் தனியாகச் சுற்றி, ஊசிக்கு மூடி போட்டு, ஆர்மை அதன் தாங்கியோடு கட்டினோம். கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றியாக வேண்டும். அது ஒரு பக்கம் மட்டும் பிடிப்போடு தொங்கும் கனமான சாமான், குலுங்கக் குலுங்க ஸ்லாட்டையே பெயர்த்துவிடும். ஆம்ப்ளிஃபயரில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஓரமாக இருக்கும், எடை முழுக்க அங்கேதான். அந்தப் பக்கத்தைப் பெட்டியின் வெளியே பெரிய எழுத்தில் இந்தியிலும் குறித்தோம், தூக்குகிறவர் சட்டென்று சாயாமல் இருக்க. எல்லாவற்றுக்கும் பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில் நான்கு விரல் அளவுக்குத் தெர்மாகோல்.

லாரிக்காரர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ரேட் கிடையாது. "வழியில் வண்டி மாற்றுவீர்களா?" என்பதுதான். பலருடைய சாமானைச் சேர்த்து ஏற்றினால் வாடகை குறையும், ஆனால் நடுவில் ஏதாவது கோடவுனில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவார்கள். இறக்கி ஏற்றும் ஒவ்வொரு தடவையும் ஆபத்து. நாங்கள் பேசிய ஆள் மாற்றமாட்டோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார். அதைப் பில்டியில், அதாவது லாரிச் சரக்கு ரசீதில், எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கினேன். வந்து சேர்ந்தபோது டிரைவரே சொன்னார், ஹைதராபாத்தில் வண்டி மாறியதாம்.

இன்சூரன்ஸிலும் இப்படித்தான். சாமானை ஏற்றிவரும் மூவர்ஸ் கம்பெனி, சாமான் மதிப்பில் மூன்று சதவீதம் போட்டு "இன்சூரன்ஸ் சேர்த்தாச்சு சார்" என்றால் நம்பிவிட வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த, நம் பெயர் போட்ட சான்றிதழ் கையில் வர வேண்டும். அதைப் பொடி எழுத்து வரைக்கும் படித்துவிடுங்கள். வெளியே அடிபட்ட தடயம் இல்லாமல் உள்ளே மட்டும் பழுதானால் பணம் கிடையாது என்று எலக்ட்ரானிக் சாமானுக்கு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் ஓடும் நிலையில் வீடியோ எடுத்து, சீரியல் நம்பரோடு பட்டியல் போட்டு, இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்கினோம். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி சீட்டு) தேவையில்லை, ஆனால் இந்தப் பட்டியலின் ஒரு நகல் டிரைவரிடம் இருப்பது செக்போஸ்ட்டில் நல்லது.

வீணை பிசகில்லாமல் வந்து சேர்ந்தது. குதிரை பென்சில் கோட்டுக்குள்ளேயே இருந்தது. சுருதி சேர்த்ததும் மனைவி மேல் ஸ்தாயி வரைக்கும் ஒவ்வொரு மெட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினாள்.

லாரி சொன்ன நாளுக்கு வரவில்லை. வந்தபோது ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. டிரைவர் அவசரப்பட்டாலும், பெட்டியைப் பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, டெலிவரி ரசீதில் "மூலை நசுங்கியது" என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வரைக்கும் எதையும் ஆன் செய்யவில்லை. ஆம்ப்ளிஃபயரை முதலில், கரண்ட் ஒரு குண்டு பல்பு வழியாகப் போகும்படி சீரியலில் போட்டுத்தான் ஆன் செய்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும், ஆம்ப்ளிஃபயர் தப்பும். பல்பு ஒரு நொடி மினுங்கி மங்கியது, நல்லபடியாக இருந்தது.

நசுங்கிய பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கர் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. முன்னால் இருக்கும் கூம்பு வடிவக் கோனை விரல்களால் மெதுவாக உள்ளே அழுத்தினால் கரகரவென்று உராய்ந்தது. விழுந்த வேகத்தில் பின்னால் இருக்கும் காந்தம் நகர்ந்து, கோனோடு சேர்ந்த கம்பிச் சுருள் அதில் உரசுகிறது. இதை ரிப்பேர் பண்ணுவதைவிட, கோனும் காந்தமும் சேர்ந்த அந்த வூஃபரையே மாற்றுவதுதான் சரி. அன்றே இன்சூரன்ஸுக்கும் மூவர்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்தேன். சாலைச் சரக்குச் சட்டப்படி லாரிக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க புக் செய்த நாளிலிருந்து 180 நாள் இருக்கிறது, ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து முதலில் கேட்டதே அட்டைப்பெட்டியைத்தான். நசுங்கிய மூலையும் ரசீதில் இருந்த அந்த வரியும் இருந்ததால் கிளெய்ம் தள்ளுபடி ஆகவில்லை. தேய்மானம் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள், புது வூஃபர் வாங்க அது போதுமானதாக இருந்தது.