மலர்க்காட்சிக்கு ஊட்டி வருகிறீர்களா?

மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர்க்காட்சியில் கூட்டமெல்லாம் கொய்மலர்களால் செய்த பெரிய உருவங்களின் முன்னால்தான் நிற்கும். ஒரு கோடை மழை போதும், அவை கறுத்துத் தொங்கிவிடும். அதனால் முதல் நாள் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மாடத்தில் அடுக்கியிருக்கும் தொட்டிச் செடிகளுக்கு அவசரமில்லை. என் கண்ணுக்கு அவைதான் அழகும்கூட.

பழக்காட்சி குன்னூர் சிம்ஸ் பூங்காவில், காய்கறிக் காட்சி கோத்தகிரி நேரு பூங்காவில். தேதிகள் ஆண்டுதோறும் மாறும். அறிவிப்பு வந்தபிறகே அறை பிடியுங்கள்.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். 2025 கோடையில் வெளியூர் வண்டிகள் வார நாளில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 மட்டும் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சீசனில் பெரும்பாலும் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் சோதனைச் சாவடியிலேயே பறிபோகும். எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள்.