ஒரு படி கட்டவெட்டிச் சாமை

ரெண்டு வருஷம் முன்னாடி கொல்லிமலைல ஒரு ஆயா வீட்டுத் திண்ணைல உக்காந்துட்டு இருந்தப்பதான் இந்தச் சாமையை முதல்ல கையில வாங்கிப் பாத்தேன். "இது கட்டவெட்டிச் சாமை, எங்க மாமியா காலத்து விதை"ன்னு சொல்லிட்டு மண்பானைல இருந்து ஒரு படி அளந்து குடுத்தாங்க. காசு வாங்கல, அறுத்ததும் ரெண்டு படியா திருப்பிக் குடுன்னு மட்டும் சொன்னாங்க. அந்த மலைல சாமைலயே பெருஞ்சாமை, மல்லியச்சாமை, திரிகுலாச்சாமைன்னு எத்தனையோ இருந்துச்சு, இப்ப அந்தச் சரிவுல முக்கால்வாசி குச்சிக்கிழங்குதான் (மரவள்ளி) நிக்குது, ஜவ்வரிசி மில்லுக்குப் போனா கையில காசு வருது, ரேஷன் அரிசி வீட்டுக்கு வந்துடுது, அப்புறம் யாரு சாமை போடுவாங்க, அவங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்ல.

நமக்கு அடிவாரத்துல 25 சென்ட் செம்மண் காடு, முழுக்க மானாவாரி. அதுக்கு முந்தின வருஷம் ஒரு கடைல நாட்டு ரகம்னு பாக்கெட் வாங்கி விதைச்சு பாதிக்கு மேல முளைக்கவே இல்ல. அதனால இந்தத் தடவை 100 விதையை எண்ணி ஈரத்துணில சுருட்டி வச்சுப் பாத்தேன், நாலாம் நாள் பிரிச்சா 91 முளைச்சிருக்கு, மயிர் மாதிரி வெள்ளை வேர். அம்மாகிட்ட ஓடிப் போயி காட்டினேன். (ஒண்ணு சொல்லிடறேன், கடைல சமைக்க விக்கிற சாமை அரிசியை விதைக்காதீங்க, உமி நீக்கினது, உயிர் இருக்காது, உமியோட இருக்கறதுதான் விதை.)

ஆடில மழை கிடைச்சதும் பொடிமணல் கலந்து பாதிக் காட்டுல அம்மா கையால வீசினாங்க, மீதில நான் சால் போட்டு வரிசையா விட்டேன். களை எடுக்கறப்பதான் வித்தியாசம் தெரிஞ்சுது, சாமைப் பயிரும் புல்லுதானே, மூணு வாரத்துப் பயிர்ல எது சாமை எது களைன்னு பிரிக்கவே முடியல, வரிசைல போட்ட பக்கம் மட்டும் நடுவுல நிக்கறதெல்லாம் களைன்னு கண்ணை மூடிட்டுப் பிடுங்கலாம். உரம் மருந்து எதுவும் காட்டல. நடுவுல 18 நாள் மழை இல்லாம இலையெல்லாம் சுருண்டுச்சு, ஒரு தூத்தல் விழுந்ததும் எந்திரிச்சு நின்னுடுச்சு. கதிர் பால் பிடிச்சதும் சில்லைக்குருவி கூட்டம் கூட்டமா இறங்குச்சு, காலைலயும் சாயங்காலமும் தகரம் தட்டினோம்.

மொத்தம் 80 கிலோ கிட்ட வந்துச்சு. உண்மையான கஷ்டம் அதுக்கப்புறம்தான். கேழ்வரகுன்னா அடிச்சுத் தூத்தி நேரா மாவு மில்லுக்குக் கொண்டு போயிடலாம், சாமைக்கு உமி கெட்டியா ஒட்டியிருக்கும், விதையும் பொடிசு, ஊர் ரைஸ் மில்லுல போட மாட்டேங்கறாங்க. அம்மாவும் சித்தியும் உரல்ல குத்தி முறத்துல புடைச்சு, மறுபடி குத்தி, 5 கிலோ போட்டு 3 கிலோ அரிசி எடுக்க ஒரு மத்தியானமே போயிடுச்சு, சித்திக்குக் கை கொப்புளமாயிடுச்சு. சாமை நம்ம தட்டை விட்டுப் போனதுக்கு ருசி மாறினது மட்டும் காரணம்னு இனிமே யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். குத்தறது பூரா பொம்பளைங்க தலைல விழுந்த வேலை, அவங்க போதும்னு விட்டதுல என்ன தப்பு? விதையைப் பாக்கெட் போட்டு ஊர் ஊரா குடுக்கறதை விட, நாலு ஊருக்கு ஒரு சின்ன உமி நீக்கற மெஷின் வச்சா இந்த ரகமெல்லாம் தானா வயலுக்கு வந்துடும்னு தோணுது. சாப்பிட்டாதான் விதைப்பாங்க, வருஷா வருஷம் விதைச்சாதான் விதைக்கு உயிரு.

அன்னைக்கு ராத்திரி சாமைச்சோறும் புளிச்சகீரை கடைசலும். சித்தி ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

அறுக்கறதுக்கு முன்னாடியே நடுக்காட்டுல நல்லா முத்தின கதிரா பாத்து தனியா அறுத்துக் காயவச்சு, சாம்பல் கலந்து நொச்சி இலை போட்டு பானைல மூடி வச்சிருக்கேன். அதுல ரெண்டு படி ஆயாவோடது. வர்ற ஞாயித்துக்கிழமை 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போயி குடுத்துட்டு வரணும், கூட 2 கிலோ குத்தின அரிசியும் கட்டி வச்சிருக்காங்க அம்மா.