ஜேர்மனியில நாயனம் ஊதுறதெண்டால்

நாதஸ்வரம் வீட்டுக்குள்ள ஊதச் செய்த வாத்தியம் இல்லை. சாமி வெளிவீதி சுத்தேக்க நாலு ஒழுங்கை தள்ளிப் படுத்திருக்கிற கிழவிக்கும் கேக்கோணும் எண்டு செய்தது. அதை டோட்மண்ட்ல மூண்டாம் மாடி பிளாட்டுக்குள்ள வச்சு ஊதினா என்ன நடக்கும், கீழ்வீட்டு மனிசி முதல் நாளே வந்து பெல் அடிச்சிட்டா.

இஞ்ச இரவு 10 மணியில இருந்து காலமை 6 மணி வரைக்கும் சத்தம் கூடாது, ஞாயிறு முழுக்க அமைதி, கன பில்டிங்குகளில மத்தியானம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையிலயும் மூச்சுக் காட்டேலாது. நான் யாழ்ப்பாணத்து அளவெட்டியில விடியக்காலமை எழும்பி அப்பா தாளம் போடப் போட சாதகம் பண்ணி வளந்தவன், அதுக்கு அங்க ஆரும் முறைப்பாடு சொன்னதில்லை. வந்த புதுசில ரெஸ்டாரண்ட் கிச்சின்ல கோப்பை கழுவினனான், வேலை முடிய கீழ நிலவறையில உருளைக்கிழங்கு மூட்டையளுக்கு நடுவில இருந்து ஊதுவன், முதலாளி நல்ல மனுசன், ஒண்டும் சொல்லேல்லை.

2018ல ஒரு ட்ரம்பெட்காரருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நடந்த வழக்கு இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், வீட்டில வாத்தியம் வாசிக்கிறதை அடியோட தடுக்கேலாது, வேலைநாளில 2, 3 மணித்தியாலம், ஞாயிறில 1, 2 மணித்தியாலம் எண்டு பொதுவா ஒரு கணக்குச் சொல்லிப்போட்டினம். அந்தப் பேப்பரை நான் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கிறன். கீழ்வீட்டு மனிசிக்குக் காட்டேல்லை, அவவுக்கு வயசு போட்டுது, இப்ப நான் ஊதுறதில்லை எண்டா சுகமில்லையோ எண்டு கேக்கிறா.

சத்தத்தை விடப் பெரிய பிரச்சினை குளிர். நாயனம் செய்யிற ஆச்சா மரம் எங்கட வெக்கைக்குப் பழகினது, இஞ்ச வெளியில குளிர், உள்ள ஹீட்டர், காத்து காஞ்சுபோய்க் கிடக்கும், வெடிச்சுப்போடுமோ எண்டு பயத்திலயே எண்ணெய் போட்டுத் துணி சுத்தி வைக்கிறது. குளிருக்க எடுத்து ஊதினா சுருதி இறங்கி நிக்கும், சுருதிப்பெட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சீவாளியை, அதான் வாயில வச்சு ஊதுற நாணல் நாக்கை, வாயிலயே வச்சு ஈரமாக்கிக்கொண்டு இருந்தாத்தான் தைமாசக் கலியாணத்துக்கு ஒரு மாதிரிச் சமாளிக்கலாம், அதுவும் ஹோலுக்க மைக்கும் பிடிச்சு வைப்பினம், இந்த வாத்தியத்துக்கு ஏனப்பா மைக்.

ஒரு பொது நிகழ்ச்சியில ஒபோ எண்ட வெள்ளைக்காரற்ற ஊதுகுழல் வாசிக்கிற ஜேர்மன்காரர் ஒருத்தர் வந்து என்ர சீவாளியை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தார். அவையளின்ரயும் ரெட்டை நாக்குத்தான், தெற்குப் பிரான்ஸ் பக்கத்து நாணலை வாங்கித் தாங்களே கத்தியால சீவுவினம், எங்களுக்குக் காவேரிக் கரை நாணல், திருவாவடுதுறையில செய்வினம். நல்ல சீவாளி கிடைக்கிறது பெரும்பாடு எண்டதில ரெண்டு பேருக்கும் ஒரே புலம்பல். பிறகு உங்கட அப்பாவும் வாசிச்சவரோ, அப்பப்பாவும் வாசிச்சவரோ எண்டு கேட்டு, ஓமெண்ட, அந்தாள் எழும்பிக் கை தந்தார். எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. ஊரில அந்தக் கேள்வியைச் சாதி அறியத்தான் கேப்பினம். பத்மநாதன் ஐயாவின்ர நாயனத்துக்கும் தட்சணாமூர்த்தியின்ர தவிலுக்கும் விடிய விடியத் தலையாட்டின அதே சனம், பந்தி வைக்கேக்க மேளகாரருக்கு வேற இடம் காட்டும். இதைச் சொன்னா பழசைக் கிளறாதேங்கோ எண்டுவினம், கிளறத்தான் வேணும்.

ஏனெண்டா அது இஞ்சயும் வந்திட்டுது. வயலினுக்கும் பரதத்துக்கும் கீபோட்டுக்கும் பிள்ளையளைக் காரில ஏத்தி இறக்கிற தாய்தேப்பன், நாதஸ்வரம் எண்டா படிப்புக் கெட்டுப்போம் எண்டுவினம். வயலினால கெடாத படிப்பு! கனகாலத்துக்குப் பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை தானாக் கேட்டு வந்தாள், எங்கட பரம்பரை இல்லை, அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை, இஞ்ச பிறந்த பிள்ளை. போன தேருக்கு, இஞ்ச ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலில எனக்குப் பக்கத்தில நிண்டு, சாமி புறப்படேக்க ஊதுற மல்லாரி ஊதினவள். 2002ல கும்பாபிஷேகம் நடந்த கோயில், தேருக்கு ஆயிரக்கணக்கில சனம், தீர்த்தம் பக்கத்துக் கால்வாயில. அங்கதான் இந்த வாத்தியத்துக்குத் தேவையான வெளி இருக்கு, ஆரும் பெல் அடிக்க வரமாட்டினம்.

இப்ப புதுசா ஒரு ஜேர்மன் பெடியனும் கேட்டிருக்கிறான், ஒபோ படிக்கிறவன். மூச்சு இருக்கு, உதடும் பழகியிருக்கு. ஆனா அவன்ர வாத்தியத்தில விரலுக்கு உதவியா எத்தினையோ சாவி, எங்கட்ட ஏழு துளையும் விரலும்தான், துளையைப் பாதி மூடி மூச்சை ஏத்தி இறக்கித்தான் சுரத்தை அசைச்சுக் கமகம் பிடிக்கிறது. தோடி ராகம் படிக்கோணுமாம், யூடியூப்ல நாதஸ்வர மேதை ராஜரத்தினம்பிள்ளை ஊதினதைக் கேட்டவனாம். முதல்ல ஆரம்பப் பாடம், மாயாமாளவகௌளை ராகத்தில சரளி வரிசை ஊதட்டும், தோடியைப் பிறகு பாப்பம்.