ஸ்கில் லேப் ஆஸ்கி: வாய் பேசினால்தான் டிக் விழும்

பிரசவப் பயிற்சியின் ஆஸ்கி ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். (ஆஸ்கி என்றால் ஒவ்வொரு ஸ்டேஷனாகச் செய்து காட்ட, எதிரில் ஒருவர் செக்லிஸ்ட்டில் டிக் போட்டு மார்க் தரும் தேர்வு.) அந்த நிம்மதி ஆறுவதற்குள் அடுத்த பேட்ச்சில் போகிற சிஸ்டர்களுக்காக எழுதிவிடுகிறேன். புரோட்டோகால் எல்லோரிடமும் இருக்கிறது, அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கை செய்வதை வாய் சொல்ல வேண்டும்.

எங்கள் பேட்ச்சில் ஓர் அக்கா, பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) பல வருஷமாகப் பிரசவம் பார்ப்பவர். குழந்தையின் தலை வெளியே தெரிந்து கிரவுனிங் ஆகும்போது அவர் பெரினியத்தை (பிறப்புறுப்புக்குக் கீழே உள்ள பகுதியை) தாங்கிய பக்குவத்தை டிரெய்னரே நின்று பார்த்தார். ஆனால் பயிற்சிக்கு முந்தைய ப்ரீ டெஸ்ட்டில் மார்க் குறைந்தது அவருக்குத்தான். குழந்தை வந்ததும் வயிற்றில் கை வைத்து இன்னொரு குழந்தை இல்லை என்று பார்த்துக்கொண்டார். வாயால் சொல்லவில்லை. எதிரில் செக்லிஸ்ட்டோடு நிற்பவருக்கு அது சும்மா வயிற்றைத் தடவியதாகத்தான் தெரியும். எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு. அக்கா மட்டும் போஸ்ட் டெஸ்ட்டில் "வாய் வலிக்குதுடி" என்று சிரித்துக்கொண்டே பாஸ் செய்துவிட்டுப் போனார். எனக்கு இயல்பிலேயே வாய் ஓயாது, அதனால் சுலபம். அமைதியானவர்கள் சுவரைப் பார்த்தாவது சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம், மாமா நடாலி, அதாவது பிரசவத்தை நடித்துக் காட்டப் பயன்படும் செயற்கை வயிறு. அதை பொம்மை என்று நினைத்துப் போகாதீர்கள். வயிற்றில் கட்டிக்கொண்டு எதிரில் இருப்பது உயிருள்ள மனுஷி. கத்துவார், உங்கள் கையைப் பிடித்து இழுப்பார், "என்னம்மா ஊசி போடுற?" என்று கேட்பார். பதில் சொல்லுங்கள், அதற்கும் டிக் உண்டு. கருப்பை அவர் கைக்குள்தான் இருக்கிறது. அழுத்தினால் கெட்டியாகும், விட்டால் தளர்ந்துவிடும். பி.பி.ஹெச். (பிரசவத்துக்குப் பின் அதிக ரத்தப்போக்கு) ஸ்டேஷனில் நீங்கள் மசாஜ் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள், சிவப்புத் தண்ணீர் நிற்காது. பதறாதீர்கள். பிளாடர் (சிறுநீர்ப்பை) நிறைந்திருக்கிறதா, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே பாருங்கள். அதற்கு முன்னால், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். சத்தமாக.

மற்றவை சுருக்கமாக:

- குழந்தை பிறந்ததும் வரிசை: இரண்டாவது குழந்தை இல்லை என்று பார்ப்பது, ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து) 10 யூனிட் ஐ.எம். (தசையில் ஊசி) ஒரு நிமிடத்துக்குள், பிறகு சி.சி.டி. (தொப்புள்கொடியை நிதானமாக இழுத்து நஞ்சுக்கொடியை எடுப்பது). முதல் இரண்டும் இடம் மாறவே கூடாது.
- சி.சி.டி.யில் இன்னொரு கை பியூபிஸுக்கு (அடிவயிற்றின் கீழே உள்ள எலும்புக்கு) மேலே கருப்பையைத் தாங்கியிருக்க வேண்டும். கான்ட்ராக்‌ஷன் இல்லாமல் தொப்புள்கொடியை இழுக்காதீர்கள்.
- ஷோல்டர் டிஸ்டோசியா (தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்வது): மெக்ராபர்ட்ஸ் (தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்குவது), பிறகு சுப்ராபியூபிக் பிரஷர் (பியூபிஸுக்குச் சற்று மேலே அமுக்குவது). மேல் வயிற்றை அமுக்குவது பல லேபர் ரூம்களில் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. இங்கே கை தானாக அங்கே போகும். போக விடாதீர்கள்.
- நியோ நடாலி (பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுத்துப் பழகும் பொம்மை): வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பியிருப்பதால் நிஜக் குழந்தை போலத் துவளும். தலையைச் சரியாக வைத்து, மாஸ்க் பொருந்தினால்தான் நெஞ்சு எழும். எழவில்லை என்றால் பேகை (மாஸ்க்கோடு சேர்ந்த காற்றுப்பையை) வேகமாக அழுத்துவதில் பயனில்லை. நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு, அதுவும் வாய்விட்டு எண்ணி.

இந்த மாஸ்க் பிடி படித்து வராது, செய்து செய்துதான் வரும். ட்ரெய்னிங்குக்கு முன்பே உங்கள் இடத்தில் நியோ நடாலி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும், அட்டைப்பெட்டி பிரிக்காமல், பீரோவில் பூட்டியபடி. சாவி யாரிடம் என்று விசாரியுங்கள்.